‘ஃபெதர்’ என்ற ஒரு சொல்லும் தமிழின் பல இறகுகளும்: பொருளறிந்து கையாளும் முறை

நிலாவெளிக் கரையில், புறாத்தீவுக்குப் படகேறும் இடத்துக்குச் சற்று வடக்கே, மணலிற் கிடந்த ஒரு காகத்தின் இறகை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வகுப்புக்குப் போனேன். சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்லும் இளைஞர் சிலருக்குத் திருகோணமலையில் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இறகை மேசைமீது வைத்து, இதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று கேட்டதும் எல்லோரும் ஒரே குரலில் ‘ஃபெதர்’ என்றார்கள். சரி, ஃபெதர் என்பதற்குத் தமிழில் என்ன என்று கேள்வியைத் திருப்பிப் போட்டேன். இறகு என்றார் ஒருவர், சிறகு என்றார் மற்றவர், செட்டை என்றார் மூதூரிலிருந்து வருபவர், மயிலாக இருந்தால் பீலி அல்லவா என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர். நான்கும் முற்றாகப் பிழையுமல்ல, நான்கும் எல்லா இடத்துக்கும் பொருந்துவனவும் அல்ல.

ஆங்கிலம் ஒரே சொல்லைப் பல வேலைகளுக்கு அனுப்புகிறது. தமிழோ வேலைக்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. ஆகவே ‘ஃபெதர்’ என்று கண்டவுடன் ‘இறகு’ என்று எழுதிவிடாமல், அந்த வாக்கியத்தில் அந்த இறகு என்ன வேலை செய்கிறது என்று முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டும். அது உடலை மூடுகிறதா, பறக்க உதவுகிறதா, அழகுக்கு நிற்கிறதா, மென்மைக்கு உவமையா, அல்லது பறவையே இல்லாத இடத்தில் வினைச்சொல்லாக வந்திருக்கிறதா என்பது தெளிந்துவிட்டால், தமிழ்ச் சொல் தானாகவே வந்து நிற்கும்.

ஒலியும் எண்ணும்

முதலில் உச்சரிப்பு. ‘ஃபெ’ என்ற குறில், மேற்பற்கள் கீழுதட்டைத் தொட எழ வேண்டும். அடுத்து வரும் ‘த’ தமிழருக்குக் கடினமானதே அல்ல. ‘அது’, ‘இது’ என்று நாம் சொல்லும்போது தகரம் எவ்வளவு மென்மையாக ஒலிக்கிறதோ அவ்வளவு மென்மைதான் இங்கும் தேவை. காலநிலையைக் குறிக்கும் ‘வெதர்’, பதனிட்ட தோலைக் குறிக்கும் ‘லெதர்’ இரண்டும் இதற்கு எதுகை. குறிலை நீட்டி ‘ஃபா’ என்றுவிட்டால் தகப்பனார் வந்துவிடுவார். மயில் தன் ‘ஃபாதரை’ விரித்து ஆடுகிறது என்று என் மாணவர் ஒருவர் வெளிநாட்டுத் தம்பதியிடம் விளக்கியதும், அவர்கள் நெடுநேரம் தாய் மயிலைத் தேடியதும் எங்கள் வகுப்பின் நிலையான கதை.

அடுத்தது ஒருமை பன்மை. இதில்தான் நம்மவர் அதிகம் சறுக்குகிறோம், காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. அஃறிணைப் பெயருக்குத் தமிழில் ‘கள்’ விகுதி கட்டாயமில்லை; ‘மயிலுக்கு அழகான இறகு’ என்றால் எல்லா இறகையும் சேர்த்தே சொன்னதாகும். ஆங்கிலத்தில் அதே ஒருமையை வைத்தால், மயிலிடம் ஒரேயொரு இறகுதான் உண்டு என்று பொருளாகிவிடும். பறவையின் உடலில் இருப்பவற்றைச் சொல்லும்போது ‘ஃபெதர்ஸ்’ என்று பன்மையிற் சொல்ல வேண்டும். ஆனால் இறகு அடைத்த தலையணை ‘ஃபெதர் பில்லோ’தான், இன்னொரு பெயருக்கு முன்னால் அடையாக நிற்கும்போது பன்மை விகுதி போய்விடும்.

பெயரடைகளிலும் ஒரு வேறுபாடு உண்டு. ‘ஃபெதர்ட்’ என்றால் இறகு உடையது. ‘ஃபெதரி’ என்றால் இறகு போன்றது. கோழி முன்னதைச் சேரும். மெல்லிய முகிற்கீற்றும் சவுக்கு மரத்தின் கிளையும் பின்னதைச் சேரும்.

இறகைக் கையில் எடுத்துப் பார்த்தால்

சொற்களை மனப்பாடம் செய்வதைவிட ஓர் இறகைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பது மேல். நடுவே ஓடும் தண்டு ‘ஷாஃப்ட்’. அதன் அடிப்பகுதி, உடலில் செருகி நின்ற இடம், உள்ளே பொள்ளலாக இருக்கும், அது ‘குவில்’. தண்டின் இருபுறமும் விரிந்திருக்கும் மடல் ‘வேன்’. மடலை விரலால் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: நூல் நூலாகப் பிளந்து, அலங்கோலமாக நிற்கும். பிறகு விரல்களுக்கிடையே வைத்து அடியிலிருந்து நுனி நோக்கி இரண்டு தரம் தடவுங்கள், பிளவு மறைந்து பழையபடி ஒட்டிக்கொள்ளும். அந்த நூல்களின் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொக்கிகள் உண்டு. பையின் சிப்பை இழுத்து மூடுவது போல அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பறவை ஓயாமல் அலகால் தன் உடலைக் கோதுவதில் பாதி வேலை இதுதான். அந்தக் கோதலுக்கு ஆங்கிலத்தில் ‘ப்ரீன்’ என்று தனி வினை உண்டு. கண்ணாடிமுன் நெடுநேரம் நின்று அலங்கரிக்கும் மனிதரையும் அதே சொல்லால் குத்துவார்கள்.

‘குவில்’ என்ற பொள்ளல் தண்டை நுனி சீவி மையில் தோய்த்து எழுதியதால், அந்தச் சொல்லுக்கு இறகுப் பேனை என்ற பொருளும் ஏறியது. முள்ளம்பன்றியின் முள்ளும் ஆங்கிலத்தில் குவில்தான். அங்கே இறகு என்று எழுதிவிடக் கூடாது.

எழுதுகோலுக்கும் இறகுக்கும் உள்ள உறவு அத்துடன் முடியவில்லை. ஆங்கிலத்தின் ‘பென்’, இலத்தீன் மொழியில் இறகைக் குறித்த ‘பென்னா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேய மொழியில் இன்றும் ‘பேனா’ என்றால் இறகும் எழுதுகோலும் ஆகும். கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டியவர்கள் நம் மொழியில் விட்டுப்போன சில நல்ல பொருள்களில் இந்தப் ‘பேனை’யும் ஒன்று. மறுபுறம், தனித்தமிழில் எழுதுவோர் பேனைக்கு வைத்த பெயர் ‘தூவல்’. அதுவும் இறகின் பழம்பெயரே. மலையாளத்தார் இன்றும் இறகைத் தூவல் என்றுதான் சொல்கிறார்கள். ‘ஃபெதர்’ என்ற சொல்லின் மூலமோ, பறத்தலைக் குறிக்கும் பண்டைய வேரொன்றுக்குப் போகிறது. இறகையும் இலையையும் ஒருங்கே குறிக்கும் வடமொழிப் ‘பத்ர’ அதே வேரிற் பிறந்தது. நாம் நாள்தோறும் கையிலெடுக்கும் பத்திரிகையும், காணி உறுதிப் பத்திரமும் அந்த வழியில் ஃபெதருக்குத் தூரத்து உறவு.

இலையும் இறகும் ஒன்றாவதை நம் கண்முன்னேயே காணலாம். ஓலையின் வடிவை வைத்துப் பனையினத்து மரங்களை ஆங்கிலத்தார் இரண்டாகப் பிரிப்பர். தென்னை ‘ஃபெதர் பாம்’, பனை ‘ஃபேன் பாம்’. நடு ஈர்க்கின் இருபுறமும் கீற்றுகள் இறங்குவது இறகு வடிவம், ஒரே இடத்திலிருந்து விரிவது விசிறி வடிவம். இரண்டும் அருகருகே நிற்கும் உப்புவெளி வளவுகளில் இதை விளக்க எனக்குக் கரும்பலகை தேவைப்பட்டதில்லை.

ப்ளூமேஜ், ப்ளூம், டவுன்

இறகுக் குடும்பத்தில் ஃபெதருக்கு அடுத்து முக்கியமானது ‘ப்ளூமேஜ்’. இது தனி இறகைக் குறிக்காது. ஒரு பறவை அணிந்திருக்கும் இறகுப் போர்வை முழுவதையும், அதன் நிறத்தோடும் அமைப்போடும் சேர்த்துக் குறிக்கும். பொது வழக்கில் இதற்குப் பன்மை இல்லை. கரையில் கிடந்த இறகைக் காட்டி ‘ஒரு ப்ளூமேஜ் கிடைத்தது’ என்பது, தெருவிற் கிடந்த பொத்தானைக் காட்டி ‘ஓர் உடுப்புக் கிடைத்தது’ என்பதற்குச் சமம். தமிழில் ‘இறகுத்தொகுதி’ என்று பாடநூல் நடையிற் சொல்லலாம். ‘இறகுப் போர்வை’ என்பது எனக்குப் பிடித்தது. பல இடங்களில் ‘இறகின் நிறம்’ என்று சொன்னாலே போதும்.

இந்தச் சொல்லின் உண்மையான பயன் பருவத்தைச் சொல்லும்போதுதான் தெரியும். தம்பலகாமத்து வயல்களில் மாட்டின் காலடியில் திரியும் உண்ணிக்கொக்கை எல்லோரும் வெள்ளைக் கொக்கு என்றுதான் அறிவோம். இனப்பெருக்கக் காலம் வந்ததும் அதன் தலையும் கழுத்தும் முதுகும் காவிமஞ்சள் பூசியது போலாகும். ஆங்கிலப் பறவை நூல்கள் இதை ‘ப்ரீடிங் ப்ளூமேஜ்’ என்னும். குருட்டுக்கொக்கில் மாற்றம் இன்னும் பெரிது: மண்ணிறக் கோடுகளோடு கண்ணுக்கே தெரியாமல் நிற்பது, அந்தப் பருவத்தில் முதுகில் கருஞ்சிவப்புப் போர்த்துக்கொள்ளும். ஒரு மொழிபெயர்ப்புக் கையேட்டில் இந்தத் தொடர் ‘இனப்பெருக்கச் சிறகு’ என்று இருந்ததைக் கண்டு, அது எந்த உறுப்போ என்று திகைத்திருக்கிறேன். ‘இனப்பெருக்கக் காலத்து இறகு நிறம்’ என்று நான்கு சொல்லில் எழுதிவிட்டால் எவருக்கும் விளங்கும். வழிகாட்டி இளைஞர்கள் பயணிகளிடம் பேசும்போது, ‘இது வேறு இனமல்ல, இதே பறவை பருவ உடையில் நிற்கிறது’ என்ற கருத்தை இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களிலேயே அடக்கிவிடலாம்.

‘ப்ளூம்’ வேறு. அது பகட்டுக்கு நிற்கும் நீண்ட இறகு. குதிரைப்படை வீரனின் தலைக்கவசத்தில் ஆடியது, சீமாட்டியின் தொப்பியில் அசைந்தது. சின்னக்கொக்கின் பிடரியில் பருவகாலத்தில் தொங்கும் இரண்டு நீண்ட இழைகளும், முதுகில் சல்லாத்துணி போல விரியும் இழைகளும் ப்ளூம்ஸ்தாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய, அமெரிக்கத் தொப்பிகளுக்காக இந்த இழைகள் பெருவிலைக்குப் போயின. அவை குஞ்சு பொரிக்கும் காலத்தில் மட்டுமே வளர்வதால், தாயைச் சுட்டால் கூட்டிலிருக்கும் குஞ்சும் செத்தது. இதை எதிர்த்து 1889-இல் இங்கிலாந்தின் மன்செஸ்டரில் எமிலி வில்லியம்சன் என்ற பெண்மணி தொடங்கிய சங்கமே பின்னர் அரச பட்டயம் பெற்ற பறவைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. குரோய்டனில் இதே நோக்கோடு கூடிய மற்றொரு பெண்கள் குழு, ‘ஃபர், ஃபின் அண்ட் ஃபெதர்’ மக்கள் என்று தன்னை அழைத்துக்கொண்டது. உரோமமும் துடுப்பும் இறகும் என்று பெயரிட்டால், விலங்கும் மீனும் பறவையும் என்று பொருள். 1921-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் இயற்றியபோது, அதன் தலைப்பில் இடம்பெற்ற சொல் ஃபெதரும் அல்ல, ப்ளூமும் அல்ல, ப்ளூமேஜ். எந்த இறகு என்று தப்பிக்க இடம் விடாத பொதுச்சொல்லைச் சட்டம் தேர்ந்துகொண்டது.

ப்ளூமுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எரிமலையிலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ மேலெழுந்து, காற்றில் ஒருபக்கம் சாய்ந்து விரியும் புகையையும் அதே சொல்லால் குறிப்பார்கள். அங்கே ‘புகை இறகு’ என்று எழுத வேண்டியதில்லை. புகைத்திரள், புகைப்படலம் என்ற நம் சொற்களே போதும்.

‘டவுன்’ என்பது உடலோடு ஒட்டிய, தண்டு தெரியாத பஞ்சிறகு. கீழே என்று பொருள்படும் ‘டவுன்’ ஒலியிலும் எழுத்திலும் இதேதான் என்றாலும் இரண்டுக்கும் பிறப்புத் தொடர்பில்லை. தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான சொல் ‘தூவி’. ‘அனிச்சமும் அன்னத்தின் தூவியும்’ என்று தொடங்கி, காதலியின் பாதத்துக்கு அனிச்சப் பூவும் தூவியும்கூட நெருஞ்சிப் பழம்போலக் குத்தும் என்றார் வள்ளுவர். தண்டுள்ள இறகு அந்த இடத்தில் நின்றிருந்தால் நெருஞ்சிக்கு வேலையே இருந்திராது. விடுதிகளில் பணிபுரிவோர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. தலையணை ஃபெதரா டவுனா என்று விருந்தினர் கேட்டால், அவர் தண்டு குத்தும் இறகுத் தலையணையா, மிருதுவான தூவித் தலையணையா என்று கேட்கிறார். ஒவ்வாமை உள்ளவர் இரண்டையும் மறுக்கக்கூடும். அப்போது நம்முடைய இலவம்பஞ்சுத் தலையணையைத் தயங்காமல் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

இறகும் செட்டையும்

‘விங்’ என்பது உறுப்பு, ‘ஃபெதர்’ அதன்மேல் முளைப்பது. நம் பேச்சில் உறுப்புக்குச் செட்டை என்ற தெளிவான சொல் இருக்கிறது. கோழிச் செட்டை என்றால் கறிக்கடைக்காரர் இறகைத் தரமாட்டார். மீனின் பக்கத் துடுப்பையும் செட்டை என்கிறோம் என்பதால், ஆங்கிலத்துக்குப் போகும்போது பறவைக்கு ‘விங்’, மீனுக்கு ‘ஃபின்’ என்று பிரித்துக்கொள்ள வேண்டும். சிக்கல் எழுத்து வழக்கில்தான்: ‘சிறகு’ சில இடங்களில் உறுப்பாகவும் சில இடங்களில் இறகாகவும் நிற்கிறது. ‘சிறகடித்தது’ என்றால் உறுப்பு, ‘சிறகு உதிர்ந்தது’ என்றால் இறகு. மொழிபெயர்க்கிறவர் இறகு என்பதை முளைப்பதற்கும் சிறகு என்பதை உறுப்புக்கும் ஒதுக்கிக்கொண்டு, கட்டுரை முழுவதும் அதையே கடைப்பிடித்தால் வாசகர் குழம்பார்.

மயிலுக்கு மட்டும் தனி ஏற்பாடு. விரிந்து நிற்கும் முழு அமைப்பு தோகை. அதற்கு ஆங்கிலம் ‘ட்ரெய்ன்’ என்கிறது, புகையிரதம் என்று எண்ண வேண்டாம். அதிலிருந்து உதிரும் ஒற்றை இறகு பீலி. அதற்கு ‘பீகொக் ஃபெதர்’. வால் என்று நாம் நினைப்பது உண்மையில் வாலே அல்ல. வாலுக்கு மேலே முளைக்கும் போர்வை இறகுகள் நீண்டு வளர்ந்தவை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்மயில் அவற்றை ஆண்டுதோறும் உதிர்த்துவிடும். இந்த உதிர்த்தலுக்கு ‘மோல்ட்’ என்று பெயர். காவடியில் கட்டிய பீலியைக் கண்டு, இதற்காக மயிலைக் கொல்வீர்களா என்று பயணிகள் கேட்கும்போது, இந்த ஒரு சொல் தெரிந்திருந்தால் தலைகுனியாமல் பதில் சொல்லலாம்.

பறவை இல்லாத இடங்கள்

ஃபெதர் வினையாக வரும்போது நம்மவர்க்குத் தடுமாற்றம் அதிகம், ஏனெனில் அங்கே பறவையைத் தேடியும் காணமுடியாது. எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு எண்ணங்களே உள்ளன: இறகைப் போலத் தட்டையாக, எதிர்ப்பில்லாமல் திரும்பி நிற்பது, இறகின் ஓரத்தைப் போல மென்மையாகக் கரைவது அல்லது மெல்லத் தொடுவது.

முதலாவதற்கு நம் துறைமுகமே சான்று. படகில் தண்டு வலிக்கிறவர், தண்ணீரிலிருந்து தண்டை எடுத்துப் பின்னே கொண்டுபோகும்போது, அதன் அகன்ற பக்கம் காற்றை முட்டாதபடி மணிக்கட்டைத் திருப்பித் தட்டையாகப் பிடிப்பதுண்டு. அது ‘ஃபெதரிங்’. வானூர்தியிலும் அதே. இரட்டை இயந்திர விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால், அதன் சுழல்விசிறித் தகடுகளைக் காற்றை வெட்டும் ஓரமாகத் திருப்பி, இழுவையைக் குறைப்பர். சீனன்குடாவில் இறங்கும் விமானத்தைப் பற்றிய செய்தியில் ‘விமானி ஃபெதர் செய்தார்’ என்று வந்தால், ‘தகடுகளைக் காற்றுக்கு ஒத்துத் திருப்பினார்’ என்று விரித்தெழுதுவதைவிட வேறு வழியில்லை.

இரண்டாவது எண்ணம் கிரிக்கெட் வர்ணனையில் அடிக்கடி கேட்கும். துடுப்பாட்ட வீரர் ஒரு பந்தை விக்கெட் காப்பாளரிடம் ‘ஃபெதர்’ செய்தார் என்றால், பந்து மட்டையின் விளிம்பில் பட்டதும் படாததுமாக உரசிப் போயிற்று என்று பொருள். நூலிழையில் உரசியது என்பது நல்ல தமிழ். நகரிலுள்ள படப்பிடிப்பு நிலையங்களில் கலியாண அல்பம் செய்பவர்கள், மணமக்களின் உருவத்தை வெட்டியெடுத்துப் பின்னணியில் ஒட்டும்போது ஓரம் கத்தரித்தது போலத் தெரியாமல் கரைப்பதற்கும் இதே சொல்தான். அவர்கள் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்கிறார்கள். எழுதும்போது ‘ஓரத்தைக் கரைத்தல்’ எனலாம். சலூனில் ‘ஃபெதர் கட்’ கேட்கிறவருக்கு எந்த மொழிபெயர்ப்பும் தேவையில்லை.

குத்துச்சண்டையின் ‘ஃபெதர்வெயிட்’ பிரிவை இறகு எடை என்பர். தொழின்முறைப் போட்டியில் அதன் உச்சவரம்பு 126 இறாத்தல், ஏறத்தாழ 57 கிலோ. இறகுக்கு அது அதிகம்தான். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறளடியை இங்கே நினைத்துக்கொள்வேன். ஆங்கிலத்தில் ஃபெதர் என்றால் பாரமின்மை. குறளிலோ அந்தப் பாரமின்மை மிகுந்து மிகுந்து வண்டியின் அச்சையே முறிக்கிறது. ‘லைட் அஸ் எ ஃபெதர்’ என்பதைப் பஞ்சு போல என்று மாற்றினால் பொருந்தும், பீலியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மரபுத்தொடர்கள்

இங்கே சொல்லைப் பெயர்த்தால் பொருள் போய்விடும். அதற்கு என் சொந்த அனுபவமே சாட்சி. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பத்திரிகைக்காக ஆங்கிலச் செய்தி ஒன்றை அவசரமாகத் தமிழாக்கினேன். ஓர் அதிகாரி பதவியிலிருந்த காலத்தில் ‘தன் கூட்டுக்கு இறகு வைத்துக்கொண்டார்’ என்ற தொடர் வந்தது. குருவி கூட்டுக்கு மென்மை சேர்ப்பதை எண்ணி, ‘தன் இல்லத்தைக் கண்ணும் கருத்துமாகப் பேணினார்’ என்று எழுதிவிட்டேன். பதவியைப் பயன்படுத்திக் காசு சேர்த்தார் என்பதே மூலத்தின் குற்றச்சாட்டு. அடுத்த நாள் ஆசிரியர் எனக்கு அனுப்பிய கடிதத்தில் இறகின் மென்மை எதுவும் இல்லை. ‘ஃபெதர் ஒன்ஸ் நெஸ்ட்’ என்பதற்கு ‘தன் வீட்டை நிரப்பிக்கொண்டார்’ என்றோ, இன்னும் வெளிப்படையாக ‘பதவியால் பணம் பண்ணினார்’ என்றோ எழுத வேண்டும்.

‘பேர்ட்ஸ் ஒஃப் எ ஃபெதர்’ என்பதில் ஓர் இலக்கண நுணுக்கம் இருக்கிறது. அங்குள்ள ‘எ’ வெறும் ஒருமைச் சொல்லல்ல, ‘ஒரே’ என்ற பழைய பொருளில் நிற்கிறது. ஒரே இறகுப் பறவைகள், அதாவது ஒரே இனம். ‘இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே’ என்ற பழமொழி நேராகப் பொருந்தும். ஆனால் ஆங்கிலத்தில் இதை இகழ்ச்சியாகவும் சொல்வார்கள். களவில் கூட்டுச் சேர்ந்த இருவரைப் பற்றி வந்தால், ‘ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்’ என்று எழுதினால்தான் சுவை சரியாக இருக்கும்.

‘தொப்பியில் இன்னொரு இறகு’ என்று தமிழ்ச் செய்திகளிலேயே அச்சாகிவிட்டது. நம் ஊரில் எவரும் தொப்பியில் இறகு செருகுவதில்லை. மகுடத்தில் இன்னொரு மாணிக்கம் என்பதே போதும். பாடசாலை மாணவி ஒருத்தியின் பரிசைப் பற்றியென்றால் மகுடமும் வேண்டாம், ‘இன்னொரு பெருமை’ என்றாலே நிறைவு. ‘அழகிய இறகே அழகிய பறவையை ஆக்கும்’ என்ற கருத்துள்ள பழமொழிக்கு ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்று நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது.

‘ரஃபிள் ஃபெதர்ஸ்’ சற்று வழுக்கும் இடம். பறவை இறகைச் சிலிர்த்துக்கொள்வது என்பதால், பலரும் ‘சிலிர்க்க வைத்தார்’ என்று எழுதுகிறார்கள். தமிழில் மெய்சிலிர்ப்பது பக்தியிலும் வியப்பிலும்; கோணேசர் சந்நிதியில் தேவாரம் கேட்டுச் சிலிர்க்கிறோம். ஆங்கிலத் தொடரோ எரிச்சலூட்டுவதைச் சொல்கிறது. ‘அமைச்சரின் பேச்சு சிலரை முகஞ்சுளிக்க வைத்தது’ என்பதுதான் அதன் அளவு.

‘வெள்ளை இறகு காட்டுதல்’ என்பதைப் புறாவையும் சமாதானத்தையும் நினைத்துக்கொண்டு வாசித்தால் பொருள் தலைகீழாகும். சண்டைச் சேவலின் வாலில் வெள்ளை இறகு இருந்தால் அது தூய சாதியல்ல, களத்தில் நிற்காது என்று கருதினர். அதிலிருந்து வெள்ளை இறகு கோழைத்தனத்தின் அடையாளமாயிற்று. முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1914 ஆகஸ்டில், இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் அட்மிரல் சார்ல்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர் பெண்களைத் திரட்டி, படையிற் சேராத இளைஞர்களின் கையில் வெள்ளை இறகு கொடுக்க வைத்தார். தமிழில் புறமுதுகு காட்டுதல்.

தமிழிலிருந்து போகும்போது

எதிர்த் திசையிலும் சில எச்சரிக்கைகள் உண்டு. ‘பிள்ளைக்குச் சிறகு முளைத்துவிட்டது’ என்பதை ஃபெதர்ஸ் என்று எழுதினால், அந்நிய வாசகர் கோழிக்குஞ்சை நினைப்பார். அங்கே ‘விங்ஸ்’ வர வேண்டும். பறக்கும் அளவுக்கு இறகு முளைப்பதற்கு ‘ஃப்ளெட்ஜ்’ என்ற தனி வினை உண்டு, பறக்கத் தொடங்கிய குஞ்சு ‘ஃப்ளெட்ஜ்லிங்’. அனுபவம் போதாத புதியவரையும் அப்படிச் சொல்வதால் அதை இருபொருளிலும் பயன்படுத்தலாம். ‘சிறகொடிந்தவன்’ என்பதற்கும் ஃபெதர் உதவாது, அதுவும் விங்ஸைத்தான் கேட்கும்.

கடைசியாக ஒரு பயிற்சி, நான் வகுப்பிலும் கொடுப்பது. ‘புத்தகத்துக்குள் மயிலிறகை வைத்தால் குட்டி போடும்’ என்பதை ஆங்கிலத்தில் ஆக்குங்கள். பீகொக் ஃபெதர் என்பதில் எவருக்கும் தடையில்லை. சிக்கல் ‘குட்டி’யில். விலங்குக் குட்டிக்குரிய சொல்லைப் போட்டால் நாய்க்குட்டி வந்துவிடும், குஞ்சுக்குரிய சொல்லைப் போட்டால் முட்டை எங்கே என்பார்கள். ‘பேபி ஃபெதர்ஸ்’ என்று ஒரு மாணவர் எழுதினார். அதைக் கேட்ட ஒரு ஜேர்மன் முதியவர், அது உண்மையா என்று மிகவும் கவனமாக விசாரித்தாராம். அரிசி வைக்க மறந்துவிட்டால் போடாது என்று நம் இளைஞர் சொல்லியிருக்கிறார்.